தூண்டிலும் மணமும்

பெங்களூர் சிவாஜிநகரில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரஸல் மார்க்கெட்டுக்கு வழி கேட்க வேண்டுவதில்லை. மூக்கைத் தொடர்ந்து நடந்தாற் போதும். ஒரு பக்கம் மல்லிகையும் மரிக்கொழுந்தும் மணக்கும். சற்று நடந்தால் பழக்கடைகளின் மணம் எதிர்கொள்ளும். அதற்கும் அப்பால் மீன்கடைகள். 1927-இல் எழுப்பப்பட்டு 1933-இல் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட இக்கட்டடத்துக்குள் தமிழும் உருதும் கன்னடமும் ஒன்றோடொன்று விலை பேசிக்கொண்டே இருக்கின்றன. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு இறக்கிய நாள் தொட்டுப் படையோடும், படைக்கு வேண்டிய தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழர் பலர். அவர்தம் பேரரும் கொள்ளுப்பேரரும் இன்றும் இத்தெருக்களில் வாழ்கின்றனர். ஊர் மாறினாலும் நாவின் சுவையும் மூக்கின் நினைவும் எளிதில் மாறுவதில்லை.

அலுவல் மாற்றலில் நாம் இங்கு வந்து குடியேறிய புதிதில், எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து வந்தவராம். பெரியவருக்கு வாரம் ஆறு நாளும் தையல் வேலை. ஏழாம் நாள் தூண்டில் வேலை. இளமையில் காவிரிக்கே போய் வந்தவர். காட்டுப் பகுதியில் மீன்பிடிக்கத் தடை வந்த பின்னர், உரிமைச்சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள ஏரிகளோடு நின்றுகொண்டார். ஒருநாள் நாமும் உடன் சென்றோம். இரையைத் தொடப் போன நம் கையை அவர் தடுத்தார்.

“இருங்க தம்பி. காலையில சோப்புப் போட்டுக் குளிச்சீங்களா? அந்தக் கையால இரையைத் தொடாதீங்க. முதல்ல ஏரி மண்ணை எடுத்து நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க.”

“மீனுக்கு நம் கையின் வாசனை தெரியுமா ஐயா?” என்று கேட்டோம்.

“நமக்கு மீன் வாசனை தெரியுதில்ல? அதுக்கு நம்ம வாசனை தெரியாதா?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவரிடம் ஒரு தகர டப்பா இருந்தது. வேகவைத்துப் பிசைந்த கேழ்வரகு மாவு உருண்டைகளை அதில் வைத்திருப்பார். பெருங்காயத்தின் மணமும், புண்ணாக்கு மணமும், இன்னதென்று சொல்ல இயலாத மூன்றாவது மணம் ஒன்றும் அதிலிருந்து எழும். அந்த மூன்றாவது பொருள் யாது என்பதை அவர் எவருக்கும் கூறியதில்லை. இவ்வழக்கம் வெறும் நம்பிக்கையா, அல்லது அனுபவத்தில் விளைந்த அறிவா என்னும் கேள்வி அன்றே நம் உள்ளத்தில் தைத்தது. அதன் விடையைத் தேடிச் சென்றபோது, அக்கேள்விக்கு மிக நீண்ட வரலாறு இருப்பதைக் கண்டோம். அந்த வரலாற்றையே இங்கு அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தூண்டில் தமிழருக்குப் புதியதன்று. குறுந்தொகைப் புலவர் ஒருவருக்கு மீனெறி தூண்டிலார் என்றே பெயர். யானை வளைத்த மூங்கில், காவலன் எறிந்த கவணின் ஓசைக்கு அது அஞ்சிக் கைவிட்டதும், மேல்நோக்கி விரைந்து நிமிர்வதை, மீன் சிக்கியதும் விசையோடு தூக்கப்படும் தூண்டிலுக்கு அவர் ஒப்பிட்டார். அவருடைய இயற்பெயர் மறைந்து, அந்த உவமையே பெயராக நிலைத்துவிட்டது. சூதாட்டத்தில் வரும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். தூண்டிலின் நுட்பத்தை அன்றாடம் கண்டறிந்த மக்களுக்கே இத்தகைய உவமைகள் எளிதில் விளங்கும்.

நாம் இன்று வாழும் கன்னட நாட்டிலும் இக்கலைக்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. கலியாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினான். அரசியல், கட்டடம், சமையல், இசை, விளையாட்டு என எதனையும் விட்டுவைக்காத நூல் அது; 100 அதிகாரங்கள் கொண்டது. ‘மத்ஸ்ய வினோதம்’ என்னும் பகுதியில் கடலிலும் ஆற்றிலும் வாழும் 35 வகை மீன்களைக் கூறி, அவை வாழும் இடங்களையும், இன்ன மீனுக்கு இன்ன இரை என்பதையும் மன்னன் வகுத்துரைக்கின்றான். இந்திய மீனியலின் முன்னோடிகளுள் ஒருவரான சுந்தர்லால் ஹோரா, 1951-இல் இப்பகுதியை ஆராய்ந்து எழுதி அறிவியலுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். எல்லா மீனும் எல்லாவற்றையும் உண்பதில்லை. மீனின் விருப்பத்தை அறிந்தவனே தூண்டிற்காரன் என்பது அப்பகுதி உணர்த்தும் பொருள். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கூற்றில் பிழை காண இயலாது.

மேலை நாட்டினரும் இவ்வழியே சென்றனர். 10-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் தொகுக்கப்பெற்ற ‘ஜியோபோனிக்கா’ என்னும் வேளாண்மை நூலின் இறுதிப் பகுதி மீன்களைக் கவரும் கலவைகளைப் பற்றியது. இங்கிலாந்தில் ஐசக் வால்ட்டன் எழுதித் தூண்டிற்காரரின் மறைநூல்போல் போற்றப்படும் நூல் முதன்முதலில் 1653-இல் வெளிவந்தது. புழு வைத்திருக்கும் பையில் சிறிது கற்பூரம் இட்டால், அம்மணத்தால் மீனுக்குக் கேடும் தூண்டிற்காரனுக்கு நன்மையும் விளையும் என்று தாம் கேள்வியுற்றதை அவர் அந்நூலில் குறிக்கின்றார். கோயிலில் ஏற்றும் கற்பூரம் ஆங்கிலேயரின் புழுப் பைக்குள்ளும் புகுந்திருந்தது என்பதை எண்ணினால் நமக்கு வியப்புண்டாகும்.

வால்ட்டன் கூறும் இன்னொரு கதை நம் எதிர்வீட்டுப் பெரியவரை அப்படியே நினைவூட்டுகிறது. ஆலிவர் ஹென்லி என்னும் தேர்ந்த தூண்டிற்காரர் ஒருவர் இருந்தார். அவர் பையிலிருந்து மூன்று நான்கு புழுக்களை எடுத்துத் தம் சட்டைப்பையில் இருந்த சிறு பெட்டியில் இட்டு, அரைமணி நேரம் கழித்தே முள்ளில் கோப்பாராம். காரணம் கேட்டால் சொல்லமாட்டார். அவர் இறந்த பின்னரே, அப்பெட்டியின் அடியில் ஐவி என்னும் கொடியின் காயிலிருந்து எடுத்த எண்ணெய் தடவப்பட்டிருந்தது என்னும் இரகசியம் வெளிப்பட்டதாம். வால்ட்டன் இதனை முற்றும் நம்பிவிடவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. தாம் அதனை முயன்று பார்த்ததில்லை என்றும், ஆயினும் அது நடக்கக்கூடியதே என்றும் நேர்மையாக எழுதிவைத்தார். இரகசியத்தைக் காத்தவரின் பெயரினும், கேட்டதை நேர்மையாக எழுதியவரின் பெயரே உலகில் நிலைத்தது.

இதுகாறும் கூறியவை உண்ணத்தக்க இரையைப் பற்றியவை. உண்ண இயலாத இரையும் ஒன்று உண்டு. முள்ளின்மீது நூலையும் இறகையும் சுற்றி, நீர்மேல் விழுந்த பூச்சிபோலத் தோன்றச் செய்வது அது. ஆங்கிலேயர் இதனை ‘ஈ’ என்றே வழங்குவர். நாம் பொய் ஈ எனலாம். ஏறத்தாழ கி.பி. 200-இல் எழுதிய ஏலியன் என்னும் உரோமானிய ஆசிரியர், மாசிடோனியா நாட்டு ஆற்றங்கரை மக்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைப் பொருத்தி மீன் பிடித்ததைக் கூறுகின்றார். அங்கே மீனை மயக்குவது நிறம் என்பதே அவர் தந்த விளக்கம். பொய் ஈயின் வெற்றி கண்ணை ஏமாற்றுவதில் இருக்கிறது. அதில் மணத்துக்கு இடம் இருக்கிறதா என்பதே தூண்டிற்காரரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு.

பொய் ஈ நம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நீலகிரியில் வேட்டையையும் மீன்பிடிப்பையும் ஒழுங்குபடுத்த 1879-இலேயே சட்டம் பிறந்தது. அம்மலையின் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் என்னும் அயல்நாட்டு மீனை வளர்க்க, மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860-களில் முயன்றார். அவர் முயற்சி கைகூடவில்லை. 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பின்னரே வானவில் டிரௌட் அங்கு வேரூன்றியது. உதகை சென்று வருவோர் பலர் மலர்க்காட்சியையும் ஏரிப் படகையும் கண்டு திரும்புவர். அவலாஞ்சி நீரில் ஒரு நூற்றாண்டாகப் பொய் ஈ பறந்து விழுந்துகொண்டிருந்த கதையை அறிந்தோர் சிலரே. டிரௌட் தெளிந்த நீரில் கண்ணால் இரை தேடும் மீன். ஓடும் நீரில் மிதந்து செல்லும் பூச்சியைக் கொள்வதா விடுவதா என்று தீர்மானிக்க அதற்குக் கிடைப்பது ஓரிரு நொடியே. மணத்தை ஆராய நேரம் ஏது என்பது ஒரு சாராரின் கேள்வி.

அப்படியானால், 1939-இல் தோன்றிய அனைத்துலக விளையாட்டு மீன்பிடிக் கழகத்தின் விதிகளைப் பாருங்கள் என்பர் மறுசாரார். பொய் ஈயால் பிடித்த மீன் சாதனைப் பட்டியலில் இடம்பெற வேண்டுமாயின், அந்த ஈயில் இயற்கை மணமோ செயற்கை மணமோ சேர்க்கலாகாது என்று அக்கழகம் தடுத்திருக்கிறது. பயனற்ற ஒன்றை எவரும் தடை செய்யார். மணம் ஓரளவேனும் உதவும் என்னும் ஐயம் இருந்தமையாலன்றோ விதி எழுந்தது? விதி ஒன்று இருப்பதனாலேயே உண்மை நிலைநாட்டப்பட்டதாகாது என்பதும் மெய்யே. ஆதலின் இவ்வழக்கைத் தீர்க்க அறிவியலிடம் செல்லுதல் வேண்டும்.

மீனின் மூக்கு நம் மூக்கைப் போன்றதன்று. நாம் மூச்சு விடும் வழியே முகர்கிறோம். மீன் மூச்சு விடுவது செவுளால். அதன் மூக்கு முகர்வதற்கென்றே அமைந்தது. பெரும்பாலான மீன்களின் முகத்தில் பக்கத்துக்கு இரண்டாகச் சிறு துளைகள் உண்டு. முன் துளையில் புகும் நீர், நரம்பு நுனிகள் செறிந்த மடிப்புகளைத் தடவிக்கொண்டு பின் துளையால் வெளியேறும். நாம் காற்றில் பறந்து வருவதை முகர்கிறோம். மீனோ நீரில் கரைந்து வருவதை முகர்கிறது. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால் தூண்டிற்காரரின் பாதி இரகசியங்கள் தெளிவாகிவிடும்.

இத்துறையில் பெருந்திருப்பம் 1938-இல் ஏற்பட்டது. தேனீயின் நடனத்தை ஆராய்ந்தமைக்காகப் பிற்காலத்தில், 1973-இல், நோபெல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞர், கெண்டை இனத்தைச் சேர்ந்த சிறு மீன்களை வளர்த்துவந்தார். காயமுற்ற மீன் ஒன்றைக் கூட்டத்தில் விட்டதும், மற்றவையெல்லாம் அஞ்சி ஓடி ஒளிந்தன. மீனின் தோல் கிழியும்போது அதிலுள்ள ஒரு பொருள் நீரில் கரைந்து, இனத்தாருக்கு எச்சரிக்கை மணமாகப் பரவுகின்றது என்பதை அவர் சோதனைகளால் நிறுவினார். நம் கெண்டை, கெளுத்தி வகைகளும் இந்தப் பெரும் பிரிவைச் சேர்ந்தவையே. பிடித்த மீனை அதே துறையில் அறுத்துக் கழுவாதே என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ?

1950-களில் இவ்வாராய்ச்சி விரைந்து வளர்ந்தது. அமெரிக்காவில் ஆர்தர் ஹாஸ்லரும் அவர் மாணவர் விஸ்பியும், சால்மன் மீன் கடலில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தபின் தான் பிறந்த ஓடைக்கே திரும்பி வருவது அவ்வோடை நீரின் மணத்தைக் கொண்டே என்று கூறினர். மூக்கை அடைத்து விட்ட மீன்கள் தம் ஓடையைத் தேர்ந்தறிய இயலாமல் மயங்கின. ஜெர்மனியில் டைக்மன் என்பார், விலாங்கு மீன் ஒரு பொருளின் மிக மிகச் சிறிய அளவையும் நீரில் உணர வல்லது என்று காட்டினார்; ஒரு பேரேரியில் ஒரு சிறு துளி கலந்தாலும் அதற்குத் தெரியும் என்னும் அளவில் அந்த ஆற்றல் இருந்தது. பிறந்த மண்ணின் மணத்தை மறவாத உயிர் மனிதன் மட்டும் அல்லன் என்பதை அறிகையில், அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு அந்த மீனிடம் ஓர் உறவு தோன்றுகிறது.

மனிதக் கையின் மணத்தைப் பற்றி நேராகவே ஆராய்ந்தவர்கள் கனடா நாட்டினர். அந்நாட்டின் மேற்குப் பகுதியில், சால்மன் ஆற்றை எதிர்த்து ஏறிச் செல்லும் வழியில், பிரெட், மக்கின்னன் என்னும் இருவர் பல்வேறு பொருள்களைக் கரைத்துப் பார்த்தனர். மனிதன் கை கழுவிய நீரும், கரடி முதலிய விலங்குகளின் பாதம் நனைந்த நீரும் கலந்தபோது, ஏறிவந்த மீன்கள் அஞ்சிச் சிறிது நேரம் தயங்கின. 1954-இல் அவர்கள் இதனை வெளியிட்டனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1956-இல், ஐட்லர் என்பாரும் அவர் துணைவரும், தோலில் உள்ள எந்தப் பொருள் இதற்குக் காரணம் என்று தேடி, சீரின் என்னும் அமினோ அமிலத்தைக் கண்டுபிடித்தனர். ஆற்றில் நின்று சால்மனைப் பிடித்துத் தின்பது கரடி. கரடியின் பாத மணத்துக்கு அஞ்சும் மீன், அதே பொருள் படிந்த மனிதக் கைக்கும் அஞ்சுகிறது போலும். “அதுக்கு நம்ம வாசனை தெரியாதா?” என்ற பெரியவரின் கேள்விக்குக் கனடாவிலிருந்து விடை வந்திருந்தது, அவர்தான் அதனை அறியவில்லை.

ஆயினும் இவ்விடத்தில் நாம் சற்று நின்று நிதானிக்க வேண்டும். அச்சோதனையில் இருந்தவை, முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும் சால்மன்கள். இரை தேடும் மீன்கள் அல்ல. அவலாஞ்சியின் வானவில் டிரௌட் அந்த சால்மனுக்கு நெருங்கிய உறவினமே எனினும், வழியில் செல்லும் மீன் தயங்கியதைக் கொண்டு, பசித்த மீன் ஈயைக் கொள்ளாது என்று தீர்ப்புக் கூற இயலாது. வேறொரு சான்றும் நம் அருகிலேயே இருக்கிறது. சிருங்கேரியில் துங்கை ஆற்றின் படித்துறையில் நின்று பாருங்கள். அடியார் கையிலிருந்து விழும் பொரிக்காக மகசீர் என்னும் பெரிய கெண்டைகள் கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கின்றன. மனித மணம் அங்கே அச்சத்தைத் தரவில்லை. உணவு வருகிறது என்னும் செய்தியைத் தருகிறது போலும். ஆகவே, கை மணம் மீனுக்குத் தெரியும் என்பது உறுதி; தெரிந்தபின் அது அஞ்சுமா, அணுகுமா என்பது அம்மீன் கற்ற பாடத்தைப் பொறுத்தது என்று கொள்வதே தக்கது.

இனி, சேர்க்கும் மணத்துக்கு வருவோம். நீரில் கரையாத எண்ணெய் எவ்வளவு மணத்தாலும் அது நம் மூக்குக்கே விருந்து. மேலே மிதந்து போவதை மீன் முகர்வது அரிது. மீனின் மூக்கையும் நாவையும் மிகுதியாகத் தூண்டுபவை புரதம் சிதைவதால் உண்டாகும் அமினோ அமிலங்கள். அவை நீரில் நன்றாகக் கரைவன. புளித்த மாவும், ஊறிய கடலைப் புண்ணாக்கும், நசுக்கிய புழுவும், இறாலும் மீனைக் கவர்வது இதனாலேயே. கெண்டை இனத்துக்கு உதட்டிலும் மீசையிலும் சுவை அறியும் நுண்ணுறுப்புகள் உண்டு. கெளுத்திக்கோ உடலெங்கும் உண்டு. கலங்கிய ஏரியில் அவை கண்ணை நம்பி வாழ்வதில்லை. ஆதலின், அசையாமல் அடியில் கிடக்கும் உருண்டைக்கு மணமும் சுவையும் பெருந்துணை. விரைந்தோடும் தெளிந்த நீரில் நொடிப்பொழுது மிதக்கும் பொய் ஈக்கு அவை சிறுதுணையே. உருவமும் அசைவும் அங்கே முதன்மை. ஒன்று மட்டும் உண்டு: மெத்தென்று இருந்து சுவையும் தரும் இரையை மீன் உடனே உமிழ்வதில்லை, வாயில் சற்றே வைத்திருக்கும். அந்தச் சிறு நேரமே தூண்டிற்காரனுக்கு வேண்டிய நேரம். 1980-களில் அமெரிக்க நிறுவனங்கள் சுவையும் மணமும் ஊட்டிய செயற்கை இரைகளைச் செய்து பெருவணிகம் நடத்தியது இந்த நுட்பத்தைக் கொண்டேயாகும்.

பெரியவரின் டப்பாவை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? வேகவைத்த கேழ்வரகு, முள்ளில் பிடித்து நிற்கும். புண்ணாக்கு, நீரில் கரைந்து அழைக்கும். பெருங்காயம் மீனை அழைத்ததோ, அன்றி அவருடைய கையின் மணத்தை மறைத்ததோ, அன்றி அவர் மனத்துக்கு உறுதி அளித்ததோ, யாரே அறிவார்! ஒருமுறை, இரு தூண்டில்களை அருகருகே இட்டு, ஒன்றில் மணம் கூட்டிய உருண்டையும் மற்றொன்றில் வெறும் உருண்டையும் வைத்துப் பார்க்கலாமே என்று நாம் சொன்னோம். சிரித்துக்கொண்டே இசைந்தார். மாலைக்குள் மணத் தூண்டிலில் மூன்று கெண்டை, வெறுந்தூண்டிலில் இரண்டு. “பாத்தீங்களா?” என்றார் அவர். ஒரு மீன் வேற்றுமையால் ஒன்றும் நிலைநாட்டப்படாது என்றோம் நாம். இன்னும் பத்து ஞாயிறு பார்ப்போம் என்று பேசிக்கொண்டோம். அந்தப் பத்து ஞாயிறு வரவில்லை. அவ்வாண்டு மழைக்காலத்தில் அவர் காலமானார். மகனுக்கு அந்த மூன்றாவது பொருள் தெரியாது. டப்பா இன்றும் அவ்வீட்டுப் பரணில் இருக்கிறது. உள்ளே மணம் ஒன்றும் இல்லை.

அவர் இளமையில் பிடித்துக் கதை கதையாகச் சொன்ன மீனின் நிலையும் இத்தகையதே. காவிரியின் திமில் மகசீர், உலகின் பெரிய கெண்டை வகைகளுள் ஒன்று. 1873-இல் மங்களூரில் அச்சான ‘இந்தியாவில் தூண்டில்’ என்னும் நூலில், சென்னை மாகாண அலுவலர் எச். எஸ். தாமஸ் மகசீரின் வலிமையை வியந்து எழுதி, ஆங்கிலத் தூண்டிற்காரரின் கவனத்தைத் தென்னாட்டு ஆறுகளின்மீது திருப்பினார். 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மகசீர் ஒன்றைப் பிடித்தது நெடுங்காலம் பேசப்பட்ட சாதனை. பின்னாளில் பீமேசுவரி, கலிபோரே முதலிய காவிரித் துறைகளில் கேழ்வரகு உருண்டையை முள்ளில் கோத்து, உலகெங்கிலுமிருந்து வந்தோர் இம்மீனைப் பிடித்து மீண்டும் ஆற்றிலேயே விட்டனர். உருண்டை பிசைந்து கொடுத்தவர்கள் அவ்வாற்றங்கரைச் சிற்றூர் மக்களே.

இன்று அந்தத் திமில் மகசீர் அருகிப்போயிற்று. ஆற்றை மறித்த அணைகள், மணல் வாரியது, வெடி வைத்து மீன் பிடித்தது, இவற்றோடு குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் என எல்லாம் சேர்ந்து அதனை நெருக்கின. இத்துணைப் புகழ் பெற்ற மீனுக்கு முறையான அறிவியற் பெயர்கூடப் பன்னெடுங்காலம் தெளிவாகவில்லை. மீனியல் அறிஞர் ரெமா தேவியின் பெயரால் 2007-இல் பெயரிடப்பட்ட இனமும் காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்பது 2018-இல்தான் உறுதிப்பட்டது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் என்று அனைத்துலகச் செம்பட்டியலில் இடம்பெற்றது. பெயர் தெரிந்த அன்றே ஆபத்தும் தெரிந்தது.

அம்மீன் குறைந்துவருவதை ஆய்வாளர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதே இவ்வரலாற்றில் நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி. கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை தூண்டிற்காரர் எழுதிவைத்த குறிப்பேடுகள் பேருதவியாயின. எத்தனை மணி நேரம் தூண்டில் இட்டனர், எந்த வகை மீன், எவ்வளவு எடை என்று நாள்தோறும் குறித்திருந்தனர். அக்குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீலத்துடுப்பு மகசீர் பெருகியதும், திமில் மகசீர் அருகியதும் கண்கூடாயின. எத்தனையோ இரகசிய உருண்டைகள் அந்த ஆற்றில் கரைந்து போயின. அவற்றால் மீனுக்கு ஒரு நன்மையும் இல்லை. யாரோ சலிப்போடு எழுதிய எளிய குறிப்பு, ஓர் இனத்தைக் காக்கும் முயற்சிக்கு அடிப்படை ஆயிற்று.

நம் பெரியவர் அறிந்தவை பொய்யல்ல. சோப்பு மணம் படிந்த கையை மண்ணால் கழுவியதும், காயம்பட்ட மீனைத் தொட்ட கையால் இரையைத் தொடாததும், பிடித்த துறையில் அறுக்காததும் அறிவியல் ஒப்பும் நல்வழக்கங்களே. அவற்றுள் எது மெய், எது துணைநம்பிக்கை என்று பிரித்தறிய நமக்கு நேரம் இருந்தது. நாம் அதனைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அவர் பிசைந்ததைப் பார்த்தோம், வியந்தோம், எழுதிக்கொள்ளவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு நாளெல்லாம் தாளில் எழுதும் நமக்கு இந்தக் குறை இன்றும் உறுத்துகிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர் வீடுகளில் இத்தகைய டப்பாக்கள் பல இருக்கக்கூடும். மீன் இரையாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. பாட்டியின் கைமருந்தாகலாம், தந்தையார் மண்ணை முகர்ந்தே மழையைச் சொன்ன முறையாகலாம், ஊரிலிருந்து கொண்டுவந்து இங்கே ஊன்றிய விதையாகலாம். உடையவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். எழுதியதைச் சோதித்தும் பார்ப்போம். மெய்யாயின் அது பேரப்பிள்ளைகளுக்குச் சேரும். மெய்யன்றாயின் ஓர் ஐயம் தீர்ந்த நன்மையாவது கிட்டும். சால்மன் தன் ஓடையை மூக்கால் நினைவில் வைத்திருக்கிறது. நமக்கு மூக்கோடு எழுதுகோலும் இருக்கிறது.